இடுக்கு தேடும் காத்தக்கா

வீட்டுக்காரர்கள் நீட்டும் தம்ளர் தண்ணீரைக் காத்தக்கா குடிப்பதில்லை. கேட்டு வாங்குவது அவள்தான், ஆனால் குடிப்பதில்லை. வலது புறங்கையை அதில் நனைத்து, இரண்டு உதறு உதறிவிட்டு, ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கீழிருந்து மேலே மெல்ல நகர்த்துகிறாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள்போல முகம் கூர்மையாகிவிடுகிறது. மேல் மூலைக்கு வந்ததும் கை நிற்கிறது. "இங்கதான் இருக்கியா ராசா? உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்" என்கிறாள். சட்டைப்பையிலிருந்து நீல சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் ஒரு சுழி போடுகிறாள். பின்னால் நிற்கும் வீட்டுக்காரர், இந்த அம்மாள் யாரிடம் பேசுகிறாள் என்று தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறார்.

காற்றிடம்தான் பேசுகிறாள். ஏற்கெனவே கட்டி, ஆட்கள் குடியிருக்கும் பழைய வீடுகளில் குளிர்காற்று புகும் இடுக்குகளைக் கண்டுபிடித்து அடைப்பது அவள் தொழில். அதனால் காத்து அக்கா. அது தேய்ந்து காத்தக்கா. நாற்பத்தெட்டு வயது. குட்டையான, உருண்டை உருவம். முழங்கால் இரண்டிலும் தோல் ஒட்டுப் போட்ட கால்சட்டை. அந்த ஒட்டு அவளே போட்டது, ஏனென்றால் அவள் அடிப்படையில் தையல்காரி. பேச்சிலும் தையல் வாசனை போகவில்லை. "சுவத்தை எவ்வளவு தடியா வேணா கட்டிக்கோங்க. கோட்டு தடியா இருந்து என்ன பிரயோசனம், பட்டன் போடலேன்னா? நான் பட்டன் போடுறவ" என்பாள்.

தொழிலுக்கு வந்ததும் தையல் வழியாகத்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், தன் வீட்டு வாசல் கதவின் அடியில் வரும் குளிர் பொறுக்காமல், கிழிந்த திரைச்சீலையில் மணலை அடைத்து நீளமாக ஒரு தலையணை தைத்துப் போட்டாள். அண்டை வீட்டுக்காரி வந்து கேட்டாள். அவளுடைய ஓரகத்தி கேட்டாள். நாற்பது தலையணை தைத்தபிறகுதான் காத்தக்காவுக்கு ஒரு சந்தேகம் தட்டியது: கதவை அடைத்தும் வீடு ஏன் இன்னும் குளிர்கிறது? அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டே போய், பயிற்சி வகுப்பில் சேர்ந்து, ரப்பர் பட்டையும் பசைத் துப்பாக்கியும் நுரை டப்பாவுமாக வெளியே வந்தாள்.

கூட்டாளி, அவளுடைய நாத்தனார். முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். ஆள் ஒல்லிக்குச்சி, குரல் மட்டும் இரண்டு ஆளுக்குரியது. இவர்களிடம் ஒரு பெரிய ஃபேன் இருக்கிறது. வாசல் கதவைத் திறந்துவைத்து, அந்த இடத்தில் சிவப்புத் துணி இழுத்துக் கட்டிய சட்டத்தை மாட்டி, நடுவில் ஃபேனைப் பொருத்துவார்கள். மற்றக் கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு ஓட்டினால், அது வீட்டுக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். அப்போது எங்கெங்கே சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே பீறிடும். ஸ்விட்ச் பெட்டி சீறும். தரை ஓரம் விசிலடிக்கும். இந்த இழுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக் காற்று முழுதாக எத்தனை தடவை மாறுகிறது என்று மீட்டர் காட்டும். அந்த எண்ணை நாத்தனார், ஸ்டாப் பெயர் சொல்வதுபோலக் கத்திச் சொல்வாள்.

"நாத்தனாரும் அண்ணியும் ஒரே வண்டியில போறதே அதிசயம். இதுல ஒரே ஓட்டையில தலையை விட்டு ஒம்பது வருஷம்!" என்று நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தொழில் புத்தி எங்கே போனாலும் கூடவே வரும். கல்யாண வீட்டில் எல்லோரும் மணமக்களைப் பார்க்கும்போது இவள் மேடைக்குப் பின்னால் திரை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை பல் வைத்தியரிடம் போனவள், வாயைத் திறந்தபடியே மேற்கூரையைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றாள். வலிக்கிறது போலிருக்கிறது என்று வைத்தியர் இன்னொரு ஊசி போட்டுவிட்டார். விளக்கைச் சுற்றி இடுக்கு இருக்கிறது என்று சொல்லத்தான் பார்த்திருக்கிறாள்.

விளையாட்டெல்லாம் ஓர் எல்லை வரைதான். எதையும் அடைப்பதற்கு முன்னால் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் புகைக்குழாயைப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பாள். புகை சரியாக வெளியே போகாத வீட்டை இறுக்கி மூடினால் ஆளுக்கே ஆபத்து. குழாய் விரிசல் விட்டிருந்த ஒரு வீட்டில், எவ்வளவு கெஞ்சியும் ஒரு பட்டைகூட ஒட்டாமல் திரும்பிவிட்டாள். "முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அப்புறம் நானே வந்து உங்க வீட்டை டப்பா மாதிரி மூடித் தர்றேன்."

போன குளிர்காலத் தொடக்கத்தில் அவளை ஒரு மாடிவீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது கீழ்வீட்டம்மா. அறுபத்திரண்டு வயது, பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயுமாக நின்று கதவைத் திறந்தார்.

"குளிர் எங்கேருந்து வருதுன்னு நீங்க தேடவே வேணாம்மா" என்றார் எடுத்த எடுப்பிலேயே. விரல் மேற்கூரையைக் காட்டியது. "மேல எங்க அண்ணன் இருக்கு. வேணும்னே ஜன்னலைத் தொறந்து போட்டுட்டுப் படுக்குது. அந்தக் குளிர் அப்படியே இங்க எறங்குது."

"போய்க் கேக்கலாமேம்மா?"

"பேச்சு வார்த்தை இல்ல. ஆறு வருஷமாச்சு."

கதை இதுதான். அப்பா அம்மா விட்டுப்போன வீடு. மேலே அண்ணன், கீழே தங்கை, நடுவில் உள்படி; இரண்டுக்கும் சேர்த்துக் கீழே ஒரே ஹீட்டர். கப்பலில் சமையல்காரராக இருந்த அண்ணன் ஓய்வு பெற்று வந்த முதல் குளிர்காலத்திலேயே சண்டை மூண்டது. படிக்கட்டுக் கதவை நீதான் சாத்தாமல் விட்டாய், அதனால்தான் என் வீடு குளிர்கிறது என்றார் தங்கை. நீதான் விட்டாய் என்றார் அண்ணன். வார்த்தை தடித்தது. ஒரு நாள் அண்ணன் தன் பக்கத்திலிருந்து அந்தக் கதவின் மேல் மூன்று பலகைகளைக் குறுக்கே வைத்து ஆணி அடித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் போக்குவரத்து பின்பக்க இரும்புப் படியில். கதவை ஆணி அடித்து மூடியும் குளிர் ஓர் இம்மியும் குறையவில்லை. குறையாததால் கோபமும் குறையவில்லை.

காத்தக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஹீட்டர் குழாயைப் பார்த்தாள், நன்றாக இருந்தது. ஃபேனை மாட்டினார்கள். "பதினெட்டு!" என்று கூவினாள் நாத்தனார். அது சல்லடை வீடு. தம்ளர் தண்ணீர் வந்தது, புறங்கை நனைந்தது, வீடெங்கும் நீலச் சுழிகள் விழுந்தன. முதல் நாள் முழுக்க ஜன்னல் சட்டங்களைச் சுற்றிப் பசை; கதவுகளுக்கு ரப்பர் பட்டை. இரண்டாம் நாள் தண்ணீர்க் குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடம், தரையும் சுவரும் சேரும் இடம், ஸ்விட்ச் பெட்டிகள். மத்தியானம் மறுபடி ஃபேனைப் போட்டார்கள்.

நாத்தனார் கத்தவில்லை. அதுவே கெட்ட சகுனம். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, பதினாறு."

இரண்டு நாள் முழங்கால் தேய்ந்ததற்கு வெறும் இரண்டு. ஒன்பது வருடத்தில் எந்த வீடும் அவளை இப்படி ஏய்த்ததில்லை. காத்தக்கா ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டம்மாவின் படுக்கையறைக்குள் போய், சுவரோடு நின்ற பெரிய துணி அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். முகம் சுண்டைக்காய் ஆகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டம்மா டீ எடுத்துக்கொண்டு வந்தார்.

"நான்தான் சொன்னேனே. மேல இருக்குற ஆளை அடைக்க முடியுமா உங்களால?"

பதில் சொல்லக் காத்தக்கா வாயெடுத்தபோது ஒரு தும்மல் கேட்டது. சாதாரணத் தும்மல் இல்லை. கப்பல் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும்போது ஊதுமே, அந்த ரகம்.

"நூறு" என்றார் கீழ்வீட்டம்மா, உதட்டுக்குள்.

இன்னொரு தும்மல்.

"இருநூறு."

மூன்றாவது.

"முந்நூறு."

காத்தக்கா நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா தும்முறது?"

"அண்ணன்தான். தூசு ஆகாது அதுக்கு. தெனமும் இந்த நேரத்துக்கு மூணு, நாலு."

"அவருக்கா நூறு சொன்னீங்க? பேச்சு வார்த்தை இல்லேன்னீங்க?"

கீழ்வீட்டம்மாவின் முகம் சிவந்தது. "அது பேச்சு இல்ல. வாய்ப் பழக்கம். தும்முனா நூறு சொல்லாம எப்படி விடறது? ஆயிரம் கோவம் இருக்கட்டும், ஆளு நல்லா இருக்கணும்ல?"

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமாத்தான்."

காத்தக்காவின் மூளைக்குள் அப்போதுதான் மணி அடித்தது. "ஏம்மா, மேல் மாடியில ஒருத்தர் தும்முறது பக்கத்துல நின்னு தும்முற மாதிரி எப்படிக் கேக்குது? இந்தத் தளம் என்ன காகிதமா?" தரையிலிருந்து எழுந்து, அலமாரியின் பக்கவாட்டில் காதை வைத்தாள். அடுத்த நொடி, "நாத்தனாரே, ஓடி வா!" என்று அலறினாள்.

மூன்று பெண்களும் சேர்ந்து தள்ளியதில் அலமாரி முனகிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் சுவரில், சுண்ணாம்பு பூசிய ஒரு மெல்லிய பலகை. ஓரமெல்லாம் வாய் பிளந்து நின்றது. பசைத் துப்பாக்கியின் முனையால் நெம்பியதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு பொந்து. ஓர் ஆளின் தோள் தாராளமாக நுழையும். அப்பா காலத்தில் இங்கே ஒரு விறகு அடுப்பு இருந்திருக்கிறது. அதன் புகைக்குழாய் சுவருக்குள்ளேயே மேல்மாடி வழியாகக் கூரைவரை போயிருக்கிறது. அடுப்பையும் குழாயையும் எடுத்தவர்கள், குழாய் போன வழியை அப்படியே விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் பலகை அடித்துப் போயிருக்கிறார்கள்.

"ஃபேனைப் போடு!"

ஃபேன் ஓடியதும் பொந்திலிருந்து வந்த காற்றில் காத்தக்காவின் முன்மயிர் பின்னால் பறந்தது, கட்டில் விரிப்பு எழுந்து படபடத்தது. அவள் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கடகடவென்று சிரித்தாள். "அடேயப்பா! இத்தனை நாளும் பேரன் பேத்திங்களையே பிடிச்சிட்டிருந்தேன். பாட்டன் இங்க குடியிருக்கான்!"

ஃபேனை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் நான்காவது தும்மல் வந்து விழுந்தது. அலமாரி இப்போது மறைக்கவில்லை; காதுக்குள்ளேயே தும்மியதுபோல இருந்தது. திடுக்கிட்ட கீழ்வீட்டம்மா, பழக்கத்தில், வாய்விட்டே சொல்லிவிட்டார்:

"நானூறு!"

பொந்திலிருந்து கரகரத்த ஆண்குரல் ஒன்று பதில் சொன்னது.

"போதும்டி. நானூறு வருஷம் இருந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழ்வீட்டம்மா பொந்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"கேக்குதா உனக்கு?"

"கேக்காம? நீ பாத்திரம் கழுவும்போது பாடுறியே, அதுகூடத்தான் கேக்குது. அடியெடுத்துக் குடுக்கலாமான்னு வாய் வரைக்கும் வரும். ரெண்டாவது வரி எப்பவும் தப்பாத்தான் பாடுற."

"கேட்டுச்சுல்ல? அப்ப ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"நீ ஏன் பேசல?"

"நீதானே ஜன்னலைத் தொறந்து போட்டு என்னைக் குளிர வெச்ச!"

"யாரு, நானா? நான் ரெண்டு கம்பளி போத்திட்டு நடுங்கிட்டிருக்கேன்! நீதான் எனக்குச் சூடு வரக் கூடாதுன்னு ஹீட்டரைக் குறைச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன்!"

சண்டை மறுபடியும் தொடங்கும் அறிகுறி. காத்தக்கா கீழ்வீட்டம்மாவை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தலையைப் பொந்துக்குள் நீட்டினாள்.

"ஐயா, வணக்கம். நான் காத்து அடைக்க வந்தவ. ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வாயை மூடிட்டுக் காதைத் தொறங்க. சூடான காத்து மேலதான் போகும், இல்லையா? இவங்க ஹீட்டர் போட்டதும் அந்தச் சூடு இந்தப் பொந்துல ஏறி, உங்ககிட்ட நிக்காம, நேரா கூரைக்குப் போயி வானத்துல கலந்துருது. போன காத்துக்குப் பதில் காத்து வேணுமே? அது கீழ இருக்குற சந்துல எல்லாம் ஐஸா உள்ள நுழையுது. உங்க ரூமுச் சூட்டையும் இதே பொந்துதான் உறிஞ்சுது. ஜன்னலைத் தொறந்தது அண்ணனுமில்ல, ஹீட்டரைக் குறைச்சது தங்கச்சியுமில்ல. ஆறு வருஷமா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆகாயத்தைக் குளிர் காய வெச்சிட்டிருக்கீங்க!"

மேலேயிருந்து மாடிக்காரர் கேட்டார்: "அடைக்க முடியுமா?"

"முடியும். ஆனா நான் மேல வரணும். கூரைக்குள்ள ஏறுற வழி உங்க பக்கம்தான் இருக்கும். சாமானெல்லாம் பாரம், பின்பக்கப் படி தாங்காது."

"இருங்க."

அந்த 'இருங்க'வுக்குப் பிறகு வந்த சத்தம், பழைய ஆணியைச் சுத்தியலால் பிடுங்கும் கிறீச். ஒன்று. இரண்டு. கீழ்வீட்டம்மா உள்படிக்கட்டின் அடியில் போய், கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒவ்வொரு ஆணிக்கும் அவர் தோள் லேசாகத் துள்ளியது. பன்னிரண்டாவது ஆணிக்குப் பிறகு பலகைகள் சரிந்தன. மேலே கதவு திறந்தது. கையில் சுத்தியல், உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லாய். தங்கையின் அச்சு, மீசை மட்டும் கூடுதல்.

"மெலிஞ்சுட்டியே" என்றார்.

"நீ தொந்தி போட்டுட்ட" என்றார் தங்கை.

இருவரும் படியிலேயே நின்றார்கள். நாத்தனார்தான் காப்பாற்றினாள்: "வழி விடுங்க, வழி விடுங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!"

மாடிக்காரரின் அறையில் மேற்கூரைச் சதுரக் கதவைத் திறந்து, நாத்தனார் கீழிருந்து முட்டுக்கொடுக்க, காத்தக்கா கூரைக்குள் ஊர்ந்தாள். டார்ச் வெளிச்சத்தில் குளிரைத் தடுக்கப் பரப்பிய பஞ்சு விரிப்பு எங்கும் வெளுப்பாக இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. பொந்தின் வாயைச் சுற்றி மட்டும் கரிபடிந்த வட்டம். வருடக்கணக்காகக் காற்று அந்தப் பஞ்சில் தூசியை வடிகட்டிப் போன தடம். உளுத்த பலகைத் துண்டுகளை வாரி எடுத்தாள். கச்சிதமாகப் பலகை வெட்டிப் பொருத்தி, ஓரத்தைச் சுற்றி நுரை அடித்தாள். நுரை பால் பொங்குவதுபோல உப்பி, இடுக்கையெல்லாம் விழுங்கி இறுகியது. கீழே இறங்கி வந்தபோது பஞ்சுத் தூசி படிந்து அவள் புருவம் இரண்டும் நரைத்திருந்தன. பார்த்துப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நால்வரில் அதிகம் சிரித்தது கீழ்வீட்டம்மா.

மிஞ்சியது, இரண்டு வீடுகளுக்கும் நடுவே உள்ள வாய். பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்தக்கா அலமாரி அறைக்கு வந்தாள். அங்கே கீழ்வீட்டம்மா பொந்தின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதையும் அடைச்சே ஆகணுமா?"

"வாசனை, தூசு எல்லாம் இதுலதான்மா ஏறி எறங்குது. அவர் தும்மலுக்கே இதுதான் காரணமா இருக்கும்."

"அடைச்சிட்டா, மேல அது விழுந்து கெடந்தாக்கூட எனக்குத் தெரியாதே."

காத்தக்காவின் கை நிறையச் சந்துகளை அடைத்த கை. இதற்குப் பசை அவளிடம் இல்லை. பதில் வாசற்படியிலிருந்து வந்தது. மாடிக்காரர் எப்போது இறங்கி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அடைக்கச் சொல்லு. காலையில நான் டீ குடிக்க எறங்கி வருவேன். வரலேன்னா மாடி ஏறி வந்து பாரு. இந்தப் பொந்து மூலமாக் குடும்பம் நடத்துனதெல்லாம் போதும்."

கீழ்வீட்டம்மா கையை எடுத்துக்கொண்டார். "டீயில சக்கரை எத்தனை?" என்றார். ஆறு வருடத்தில் மாறியிருக்கலாம் என்ற நினைப்பு.

"அதே ரெண்டு."

காத்தக்கா அந்த வாயையும் அடைத்தாள். நுரை இறுகும் வரை காத்திருந்து, ஃபேனை மாட்டினார்கள். அண்ணனும் தங்கையும் பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளைகள்போல ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மீட்டரில் எண் ஏறி, இறங்கி, தயங்கி, நின்றது. நாத்தனார் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு தெருமுனை வரை கேட்கும்படி கூவினாள்:

"ஏழு! ஏழு! எல்லாரும் எறங்குங்க!"

காத்தக்கா ஓர் ஆட்டமே போட்டாள். தோல் ஒட்டுப் போட்ட முழங்கால்களோடு, தூசு உதிர உதிர, கூடத்தைச் சுற்றி இரண்டு வட்டம். மாடிக்காரர் கையிலிருந்த சுத்தியலால் மேஜையில் தாளம் தட்டினார். அடைத்தபின் ஒரு தடவை ஹீட்டர் குழாயைப் பார்த்தாள். புகை ஒழுங்காக வெளியே போனது. சமைக்கும்போது இதைப் போட மறக்காதீர்கள் என்று சமையலறை ஃபேனைக் காட்டினாள். ஆனால் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணன் அந்தப் பாட்டின் இரண்டாவது வரியைச் சரியாகப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். அதுதான் தப்பு என்று தங்கை வாதாடிக்கொண்டிருந்தார். அறை சூடேறத் தொடங்கியிருந்தது. பேச்சு மும்முரத்தில் இருவரும் ஆளுக்கொரு ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார்கள், ஒன்றின்மேல் ஒன்றாக.

சாமான்களை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்கள். வெளியே மரங்களை வளைத்துக்கொண்டு ஊதக்காற்று அடித்தது. தெருத் திரும்பியதும் காத்தக்கா தன் பக்கத்துக் கண்ணாடியைக் கடைசிவரை இறக்கினாள். பிறகு எட்டிக் குனிந்து நாத்தனார் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினாள்.

"அண்ணி! குளிருது!"

"குளிரட்டும். ரெண்டு நாளா வெரட்டுன ராசா, கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, முகத்தைக் காற்றுக்கு முழுசாகக் கொடுத்தாள்.